புற்றும் மேடையும்: நோயுற்ற உடல் தன் கதையைத் தானே சொல்வது

(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



நினைவுப் பேருரை என்றால் பெரிய தலைப்பாக எடுத்துப் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது சிறிய ஒன்று. புற்றுநோய் வந்த ஒருவர், அந்த அனுபவத்தைத் தனி ஆளாக மேடையில் நின்று தானே நிகழ்த்துவது பற்றிப் பேசப் போகிறேன். தலித் இலக்கிய மேடையில் இதற்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். இந்தத் தலைப்பு எனக்கு எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சியில் ஓர் அரங்கக் கூட்டம். "சாதி இந்தச் சமூகத்தைப் பிடித்த புற்றுநோய், அதை அறுத்தெறிய வேண்டும்" என்று பேசினேன். கைதட்டினார்கள். இருபது வருடமாகப் பல மேடைகளில் நான் சொல்லிவந்த வாக்கியம்தான் அது. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தோழர் வந்தார். தலையில் துணி கட்டியிருந்தார். அவர் சொன்னது இது:

"சாதியைப் புற்றுநோய்னு சொன்னீங்க தோழர். எனக்குப் புற்றுநோய் வந்திருக்கு. அதை யாரும் எனக்குச் செய்யல, நானும் யாருக்கும் செய்யல. சாதி அப்படியா? அது ஒருத்தர் இன்னொருத்தருக்குச் செய்யறது. ரெண்டையும் ஒண்ணாக்கிட்டீங்களே. அங்க உக்காந்திருக்கப்ப என்னையத்தான் அறுத்தெறியணும்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

என்னிடம் பதில் இல்லை. கிளம்பும்போது அவர் இன்னொன்றும் கேட்டார்: "இதையெல்லாம் நானே மேடையில நின்னு சொல்லணும்னு இருக்கு. நாடகமா. ஒருத்தியே. முடியுமா?"

அவர் இன்று இந்த அவையில் இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார், சொல்லவில்லை. இந்த உரை அவருடைய இரண்டாவது கேள்விக்கு நான் தேடிய பதில். தேடப் போனால் முதல் கேள்விக்கான பதிலும் அதற்குள்ளேயே இருந்தது.

ஒரு சொல்லின் சுமை

'கேன்சர்' என்ற சொல்லுக்கு மூலம் நண்டு. கட்டியைச் சுற்றி நரம்புகள் நண்டின் கால்களைப் போலப் பரவுவதைப் பார்த்துப் பழைய கிரேக்க வைத்தியர்கள் வைத்த பெயர். நாம் 'புற்று' என்கிறோம். கறையான் கட்டுவது, பாம்பு குடியிருப்பது, அம்மன் என்று சொல்லி மஞ்சள் பூசுவது எல்லாம் புற்றுதான். ஆக, சொல் வாயில் வரும்போதே பயமும் பக்தியும் கூடவே வந்துவிடுகின்றன. அதனால்தான் வீட்டில் பெரியவர்கள் பெயரைச் சொல்லாமல் 'அந்த வியாதி' என்கிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 1978இல் 'உருவகமாக நோய்' என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். நோயை உருவகமாக்கும்போது நோயாளி மேல் பழி ஏறுகிறது என்பது அவருடைய வாதம். அடக்கிவைத்த மனசால் வந்தது, செய்த பாவத்தால் வந்தது என்று காரணம் தேடத் தொடங்கிவிடுவார்கள். அரசியல்வாதிகள் எதிரியைப் புற்றுநோய் என்று அழைக்கும்போது, ஒழித்துக்கட்டுவது ஒன்றே வழி என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். இதை எழுதும்போது சொன்டாக் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தார். ஆனால் தன் நோயைப் பற்றி அந்த நூலில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அப்படி எழுத அவருக்குக் காரணம் இருந்தது. நம் தோழர் கேட்பது அதற்கு நேர் எதிரான வழி. 'நான்' என்று தொடங்கி, உடலோடு வந்து நின்று சொல்ல வேண்டும் என்கிறார் அவர்.

நம் ஊரில் நோய் மேடையேறிய விதம்

திருச்சிக்காரர்களுக்கு நோயும் மேடையும் என்றவுடன் நினைவுக்கு வருபவர் எம்.ஆர். ராதா. 1979இல் அவர் இறந்ததும் இதே ஊரில்தான். திருவாரூர் கே. தங்கராசு எழுதிய 'ரத்தக்கண்ணீர்' நாடகத்தில் அவர் தொழுநோயாளியாக நடித்தார். 1954இல் அது திரைப்படமானது. மூடநம்பிக்கையையும் போலித்தனத்தையும் அவரைப் போல மேடையில் கிழித்தவர் இல்லை. ஆனால் இன்று ஒரு கேள்வியையும் நாம் கேட்க வேண்டும். அந்தக் கதையில் நோய் எப்படி வருகிறது? மனைவியை விட்டுத் தாசி வீட்டுக்குப் போனவனுக்குத் தண்டனையாக வருகிறது. ராதாவின் கேலி எல்லோரையும் சுட்டது, நோய்க்கான பழி மட்டும் நோயாளியின் தலையிலேயே நின்றது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது, ஒழுக்கத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சினிமா புற்றுநோயை வேறு விதமாகக் காட்டியது. 1962இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 1982இல் 'வாழ்வே மாயம்'. அங்கே புற்றுநோய் அழகான நோய். காதலையும் தியாகத்தையும் துலங்கச் செய்ய வருவது. ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்பது, சதை எடுத்துச் சோதித்த முடிவுக்காகக் காத்திருப்பது, கூலியை விட்டுவிட்டு மூன்று பஸ் மாறிப் போவது, வாய்ப்புண்ணால் சோறு இறங்காதது எதுவும் அந்தப் படங்களில் வருவதில்லை.

நோயைத் தண்டனையாகக் காட்டினாலும் தியாகமாகக் காட்டினாலும் ஒன்று பொது. நோயாளி பேசவில்லை, நோயாளியை வைத்துப் பிறர் பேசினார்கள். தலித் உடலுக்கு இது பழக்கமான நிலை. நம்மைப் பற்றி இலக்கியம் எழுதியவர்களும் இரக்கப்பட்டவர்களும் நெடுங்காலம் பிறராகவே இருந்தார்கள்.

காவிரியின் இரண்டு கரைகள்

தனி ஆள் அரங்கு மேற்கிலிருந்து இறக்குமதியான புது வடிவம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருவரங்கம். மார்கழி அத்யயன உற்சவத்தில் அங்கே அரையர் சேவை நடக்கும். கூம்புபோல உயர்ந்த குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் பாசுரம் பாடி, அபிநயம் பிடித்து, உரை சொல்வார். அதில் 'முத்துக்குறி' என்று ஒரு பகுதி. மகள் வாடிப்போய்க் கிடக்கிறாள். என்ன நோய் என்று தாய்க்குத் தெரியவில்லை. குறி சொல்லும் கட்டுவிச்சி வந்து முத்துகளைப் பரப்பிப் பார்த்து, இது பெருமாள் மேல் கொண்ட காதல் நோய் என்கிறாள். மகள், தாய், கட்டுவிச்சி மூவருமாக அரையர் ஒருவரே மாறுவார்.

நாடக மாணவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நோயுற்றவர், உடனிருப்பவர், நோயைக் கண்டு சொல்பவர் என்று மூன்று பேர். இன்றைய புற்றுநோய்ப் பிரிவில் இருப்பதும் இதே மூன்று பேர்தான்: நோயாளி, துணைக்கு வந்தவர், மருத்துவர். மூவரையும் ஓர் உடலில் கொண்டுவரும் நுட்பம் நம் ஊரில் நூற்றாண்டுகளாக இருக்கிறது. ஆனால் அது குறிப்பிட்ட சில பிராமணக் குடும்பத்து ஆண்களுக்கு மட்டுமே உரியதாக, கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே பெண்ணின் நோயை நடிப்பவரும் ஆண்தான்.

இப்போது தென்கரைக்கு வாருங்கள். உறையூரில் பிறந்த திருப்பாணாழ்வாரின் கதை உங்களுக்குத் தெரியும். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பாணர். காவிரியின் இந்தக் கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொல்கிறார். பாட்டில் லயித்திருந்தவருக்குக் கேட்கவில்லை. கல்லெறிகிறார், நெற்றியில் ரத்தம். உள்ளே போனால் பெருமாளின் நெற்றியிலும் ரத்தம் வழிகிறது என்கிறது கதையின் ஒரு வடிவம். பிறகு அந்த முனிவரே பாணரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோகிறார்.

பக்தர்கள் இதைச் சமத்துவக் கதையாகச் சொல்வார்கள். நான் வேறொன்றைப் பார்க்கிறேன். கரையில் நின்றவரின் நெற்றி ரத்தம் யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை. கருவறைக்குள் தெரிந்த பிறகுதான் காயம் காயமானது. அதைவிட முக்கியமானது, திருப்பாணாழ்வாரின் பத்துப் பாசுரங்களும் அரங்கனைத் திருவடியிலிருந்து கண்வரை பாடுகின்றன. கல்லைப் பற்றி அவற்றில் ஒரு சொல் கிடையாது. கல்லின் கதையைச் சொன்னவர்கள் பின்னால் வந்த பிறர்.

கல்பட்டவர்கள் தாங்களே கல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதைத்தான் நாம் தலித் தன்வரலாறு என்கிறோம். 1992இல் பாமாவின் 'கருக்கு', பிறகு கே.ஏ. குணசேகரனின் 'வடு'. 'பலி ஆடுகள்' நாடகத்தையும் தந்த கலைஞர் தன் வாழ்க்கைக் கதைக்கு 'வடு' என்று பெயர் வைத்ததை நினைத்துப் பாருங்கள். வடு என்பது உடலில் இருக்கும் ஒன்று. காயம் ஆறிய பிறகும் காயத்துக்குச் சாட்சியாக நிற்பது.

நமக்கு வேறொரு கலை மரபும் இருக்கிறது. ஊரார் சாவுக்குப் பறையடித்தவர்கள் நாம். ஊரார் வீட்டுத் துக்கத்துக்கு மாரடித்து ஒப்பாரி பாடியவர்கள் நம் பெண்கள். ஒப்பாரி ஒருவர் பாடுவது. இறந்தவரை விளிப்பது, தன் கதையைச் சேர்ப்பது, சண்டைக்காரரைச் சாடையாக ஏசுவது எல்லாம் அதற்குள் உண்டு. தெருக்கூத்தின் கட்டியக்காரன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியே வந்து சபையோடும் பேசுவான், ராஜாவையும் கேலி செய்வான். தனி ஆள் அரங்குக்கு வேண்டிய கருவிகள் இவை. பிறர் சாவுக்குப் பயன்பட்ட இந்தக் கலையை நம் நோய்க்கு, நம் உயிருக்கு நாம் பயன்படுத்தக் கூடாதா?

செய்து காட்டியவர்கள்

அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்ட் 1978இல் மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 1980இல் தன் புற்றுநோய்க் குறிப்பேட்டை நூலாக வெளியிட்டார். அறுவைக்குப் பிறகு செயற்கை மார்பு வைத்துக்கொள்ள அவர் மறுத்தார். மருத்துவரைப் பார்க்கப் போன இடத்தில் செவிலி ஒருவர், நீங்கள் இப்படி வந்தால் மற்ற நோயாளிகளின் மனம் தளரும் என்றாராம். இல்லாததை இருப்பதுபோலக் காட்டச் சொல்வது யாருடைய வசதிக்காக என்று லார்ட் கேட்டார். ஒரே மார்புள்ள பெண்கள் ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியாமல் போனால் அவர்களால் எப்படி ஒன்றுசேர முடியும் என்பது அவருடைய கவலை. சாதியை மறைத்துப் பெருநகரங்களில் வீடு எடுத்துத் தங்கியவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி புரியும்.

லார்ட் எழுத்தில் செய்ததை நாடகாசிரியர் சூசன் மில்லர் மேடைக்குக் கொண்டுவந்தார். 'என் இடது மார்பு' என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதி, 1994இல் தானே தனியாக நிகழ்த்தினார். அதில் நோய் மட்டும் இல்லை. மகனை வளர்ப்பது, காதலி பிரிந்து போவது, வயதாவது எல்லாம் கலந்து வருகின்றன. நோய் வந்தாலும் வாழ்க்கையின் மற்ற விஷயங்கள் நின்றுவிடுவதில்லை என்பதை அந்த வடிவமே சொல்லிவிடுகிறது. முடிவில் சட்டையைத் திறந்து தழும்பைக் காட்டுவார். தொடக்கத்திலேயே காட்டியிருந்தால் அது காட்சிப்பொருளாகியிருக்கும். ஒரு மணி நேரம் அவரோடு சிரித்துப் பழகிய பிறகு பார்ப்பவர்கள், அதை அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதியாகப் பார்க்கிறார்கள்.

2012 ஆகஸ்ட் 3 அன்று லாஸ் ஏஞ்சலஸில் டிக் நொட்டாரோ என்ற நகைச்சுவைக் கலைஞர் மேடையேறி, வழக்கமாக வணக்கம் சொல்வதுபோலவே தனக்குப் புற்றுநோய் என்று சொல்லித் தொடங்கினார். நோய் தெரிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. கூட்டத்துக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அந்தத் தடுமாற்றத்தையே அவர் நிகழ்ச்சியின் பொருளாக்கினார். ஆறுதல் சொல்வது கூட்டத்தின் வேலையாக இருந்த இடத்தில், அவர் கூட்டத்துக்கு ஆறுதல் சொன்னார். யார் யாருக்காக இரக்கப்படுவது என்ற வரிசை ஒரு நொடியில் மாறிப்போனது.

தமிழில் புற்றுநோயைப் பற்றி இல்லாவிட்டாலும், தன் உடலின் கதையைத் தானே தனியாக நிகழ்த்திய முன்னோடி நமக்கு உண்டு. திருநங்கைச் செயற்பாட்டாளர் அ. ரேவதியின் தன்வரலாறு 'வெள்ளை மொழி'. அதை வெளியிட்டது திருச்சி மாவட்டம் புத்தாநத்தத்தில் இயங்கும் அடையாளம் பதிப்பகம். அந்த நூலை அடிப்படையாக வைத்து அ. மங்கை நெறியாளுகை செய்ய, ரேவதியே மேடையில் தனியாக நின்று நிகழ்த்தினார். திருச்சியில் வளர்ந்த தலித் திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவும் எழுத்திலிருந்து அரங்குக்குப் போனவர். 2014இல் தோழர்களோடு சேர்ந்து 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார்.

இவர்களிடம் கற்க வேண்டியது ஒன்று. புத்தகத்தை வாசகர் மூடி வைத்துவிடலாம், எழுதியவரைப் பார்க்காமலே பாராட்டலாம். அரங்கில் அந்த உடல் அதே அறையில், அதே காற்றை மூச்சு விட்டுக்கொண்டு நிற்கிறது. விலகி உட்கார இடமில்லை. தீண்டாமை என்பது அடிப்படையில் உடல்களுக்கு இடையே வைக்கப்பட்ட தூரம். புற்றுநோய் தொற்றாது என்று தெரிந்தும் தட்டையும் தம்ளரையும் தனியாக வைக்கும் வீடுகள் இருக்கின்றன. தனி தம்ளர் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்த இரண்டு தூரங்களையும் ஒரே மேடையில் குறைக்க முடியும் என்பதால்தான் இந்த வடிவம் நமக்கு முக்கியம் என்கிறேன்.

எப்படிச் செய்வது

தோழர் கேட்டது 'முடியுமா' என்று. முடியும். நாடகம் செய்யும் மாணவர்களுக்கும் உதவும் என்பதால் வேலையைப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, கதையின் வரிசை. கட்டி தெரிந்தது, சோதனை, அறுவை, கீமோ, கரண்ட் வைத்தது, தேறியது என்று தொடங்கினால் அது கேஸ் ஷீட்டின் வரிசை. மருத்துவமனைக்கு அது தேவை. மேடைக்கு ஒரு சரடு போதும். ஒரு தம்ளரின் கதை, தலைமுடியின் கதை, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து மருத்துவமனை வரையிலான ஒரே பயணத்தின் கதை. கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை வரும். போவது, விழுவது, மெல்ல எழுவது, எழுந்தவுடன் மறுபடி போவது. இந்தச் சுழற்சிக்குள்ளேயே ஒரு தாளம் இருக்கிறது. பறை தெரிந்தவர்கள் அதை அடியாகவே மாற்றலாம்.

இரண்டாவது, பிறரை உங்கள் உடலுக்குள் கொண்டுவருவது. மருத்துவரையும் வார்டு ஆயாவையும் ஆறுதல் சொல்ல வந்து அழுதுவிட்டுப் போகும் சித்தியையும் நீங்களே நடியுங்கள். இத்தனை நாள் அவர்கள் உங்களைப் பார்த்துச் சொன்னார்கள், இப்போது நீங்கள் அவர்களைப் பார்த்துச் சொல்கிறீர்கள். 'புகையிலை போட்டியா?' என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்புற்றுக்குப் புகையிலை பெரிய காரணம், அதில் ஐயமில்லை. ஆனால் 'திரிச்சினாப்பள்ளி' என்ற பெயரே ஒரு காலத்தில் உலகம் முழுக்க உறையூர்ச் சுருட்டின் பெயராகத்தான் தெரிந்திருந்தது. ஊருக்குப் புகழ் தந்தபோது அது வணிகம். கூலிக்காரரின் வாயில் புண் வந்தபோது அது அவருடைய கெட்ட பழக்கம். கட்டியக்காரன் இருந்தால் இதை விடுவானா?

மூன்றாவது, பொருள்கள். நிறைய வேண்டாம். மடித்து மடித்துக் கிழிந்த ஓ.பி. சீட்டு, ஒயர் கூடை, ஒரு எவர்சில்வர் தம்ளர், ஒரு பூ. பூ என்று சொல்லும்போது நித்தியகல்யாணியை நினைக்கிறேன். சுடுகாட்டு மல்லி என்று சொல்லி வீட்டில் வைக்கத் தயங்குவார்கள். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் அந்தச் செடியிலிருந்துதான் வந்தன. ரத்தப் புற்றுக்கும் நிணநீர்ப் புற்றுக்கும் அவை பயன்படுகின்றன. சுடுகாட்டு வேலை செய்தவர்கள் பேரப்பிள்ளை ஒருவர் இந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நின்றால், விளக்கவுரை எதுவும் தேவைப்படாது.

நான்காவது, உடல் தாங்கும் அளவு. கீமோவுக்குப் பிறகு பாதமும் விரல்களும் மரத்துப்போகலாம், வாய் உலரலாம், களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அதை மறைக்கும் நாடகம் வேண்டாம். நாற்காலியும் தண்ணீரும் பிரதியின் பகுதியாக இருக்கட்டும். நாற்பது நிமிடம் போதும். முடியாத நாளில் நிகழ்வை ரத்து செய்யும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். மண்டபத்துக்குக் கொடுத்த வாடகைப் பணத்தை நினைத்து நாம் அவரை நிற்க வைக்கக் கூடாது.

ஐந்தாவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை முதலில் முடிவு செய்வது. மில்லர் தழும்பைக் காட்டினார் என்பதற்காக எல்லோரும் காட்ட வேண்டியதில்லை. காட்டாமல் விடுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. குடும்பத்தாரைப் பற்றிச் சொல்வதை அவர்களிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். ஒத்திகையில் ஒரு காட்சிக்கு ஒவ்வொரு முறையும் குரல் உடைந்துபோனால், அந்தக் காட்சிக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். ஆறாத புண்ணைக் கீறுவது கலையும் ஆகாது, சிகிச்சையும் ஆகாது.

நோயும் சாதியும்

நோய் வந்தால் எல்லோரும் சமம் என்பார்கள். தோழர் எனக்குச் சொன்ன ஒரு காட்சி இருக்கிறது. நாடகத்தில் வைக்கப் போவதாகவும் சொன்னார். கீமோ வார்டில் எட்டுப் பெண்கள். எட்டுத் தலையும் மொட்டை. கையில் ட்ரிப்ஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கட்டில் அம்மா, ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், பிறகு மெல்ல, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். பதிலுக்குப் பிறகு, கொடுக்க எடுத்த இட்லிப் பொட்டலம் மறுபடி பைக்குள் போனது. "முடி கொட்டிடுச்சு தோழர், அது மட்டும் கொட்டல" என்றார்.

முதல் கேள்விக்கான பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது. புற்றுநோய் யாரும் யாருக்கும் செய்வதில்லை. இட்லியைத் திரும்ப வைத்தது செய்யப்பட்டது. நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதும் பல நேரம் செய்யப்படுவதுதான். கருப்பைவாய்ப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்டகாலம் உடலில் தங்கிவிடும் ஒரு வைரஸ் தொற்றால் வருவது. புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும், அதற்குள் கண்டுபிடித்துச் சரிசெய்யலாம். பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில், அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனையைப் பல்லாயிரம் பெண்களுக்குச் செய்து பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. சோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்தப் புற்றால் வரும் சாவு 35 விழுக்காடு குறைந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அப்படியிருந்தும் நம் தெருப் பெண்கள் முற்றிய நிலையில் போய் நிற்கிறார்கள் என்றால், ஒரு நாள் கூலியை யார் பிடித்தார்கள், வெட்கத்தை யார் கற்றுக்கொடுத்தார்கள், அலட்சியமாகப் பேசி யார் திருப்பி அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டும். புள்ளிவிவரம் எத்தனை பேர் என்று சொல்லும். எப்படி நடந்தது என்பதை அந்த மேடை சொல்லும்.

சென்னை அடையாற்றில் 1954இல் புற்றுநோய் மருத்துவமனை வந்ததற்குப் பின்னாலும் ஒரு சொந்த அனுபவம் இருந்தது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கம் ஒரு நிறுவனமானது. எல்லோராலும் மருத்துவமனை கட்ட முடியாது. ஆனால் துக்கத்தைப் பொதுக் காரியமாக மாற்றும் வழி எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்.

பார்வையாளர்களாகிய நாம்

கடைசியாக, நமக்குச் சில சொற்கள். அவர் மேடையேறினால் நாம் எப்படி உட்கார்ந்திருக்கப் போகிறோம்?

இரண்டு தவறுகளைச் செய்வோம் என்று பயப்படுகிறேன். ஒன்று, 'உச்' கொட்டிவிட்டு உண்டியலில் பணம் போட்டுக் கிளம்புவது. இன்னொன்று, 'புற்றுநோயை வென்ற வீராங்கனை' என்று பொன்னாடை போர்த்துவது. இரண்டாவது மரியாதை போலத் தெரியும். ஆனால் ஒருவர் வென்றார் என்றால் இறந்துபோன மற்றவர் தோற்றார் என்றாகிவிடும். தோழர்கள் சிலரை இதே நோய்க்கு நாம் கொடுத்திருக்கிறோம். அவர்களில் யாரும் கோழை இல்லை. சிகிச்சை பலித்ததும் பலிக்காததும் வீரத்தின் அளவு அல்ல.

நாம் செய்யக்கூடியவை வேறு. நிகழ்வு முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டுக் கலையாமல், வட்டமாக உட்கார்ந்து பேசுவது. சோதனை எங்கே செய்வார்கள், காப்பீட்டு அட்டைக்கு என்ன காகிதம் வேண்டும் என்று தெரிந்த ஒருவர் அங்கே இருப்பது. அன்றிரவு நிகழ்த்தியவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பது. மேடையில் தனி ஆளாக நின்றவர் மேடையை விட்டு இறங்கியதும் தனி ஆளாக இருக்கக் கூடாது.

சாதியைப் புற்றுநோய் என்று நான் இப்போது சொல்வதில்லை. சாதியைச் சாதி என்றே சொல்கிறேன். செய்பவர்கள் உண்டு, அதனால் நிறுத்தவும் முடியும். புற்றுநோயைப் புற்றுநோய் என்று சொல்கிறேன். அது ஒரு நோய், சிகிச்சை உண்டு, வந்தவர் நம் நடுவில் உட்கார்ந்திருக்கலாம்.

தோழர் இன்னும் மேடையேறவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறார். ஏறுவதா வேண்டாமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். ஏறுகிற நாளில், முன்வரிசை நாற்காலிகளைத் தள்ளிப் போடாமல் நெருக்கிப் போட்டு உட்காருவோம்.

ஜெய்பீம்.